அண்ணன் படித்த பள்ளி தங்கைக்கும் சரிவருமா? சிக்ஸ்த் ஃபார்ம் தேர்வில் நாம் விடும் தவறுகள்

"அண்ணன் அங்கேதானே படித்தான், இவளும் அங்கேயே போகட்டும்." லண்டன் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆண்கள் பள்ளியாக இருந்தும் சிக்ஸ்த் ஃபார்ம் எனப்படும் 12, 13ஆம் வகுப்புகளுக்கு மட்டும் பெண்களைச் சேர்க்கும் வழக்கம் இங்கிலாந்தில் புதிதல்ல. மார்ல்பரோ கல்லூரி என்ற தனியார் பள்ளி 1968இலேயே தொடங்கிவிட்டது. வின்செஸ்டர் என்ற இன்னொரு தனியார் பள்ளி 2022இல்தான் மனம் மாறியது. கிங்ஸ்டனில் உள்ள டிஃபின், சட்டனில் உள்ள சட்டன் கிராமர் போன்ற அரசுப் பள்ளிகளிலும் இன்று இதுதான் ஏற்பாடு.

ஆனால் அண்ணன் 11 வயதில் நுழைந்து, ஐந்து வருடம் அந்தப் பையன்களோடு வளர்ந்தவன். தங்கையோ 16 வயதில், எல்லாரும் எல்லாரையும் அறிந்த இடத்துக்குப் புதிதாகப் போகிறாள். அவன் அனுபவத்தை வைத்து இவளுக்கு முடிவெடுப்பதுதான் நான் பார்த்த முதல் தவறு. நாங்களும் அதைச் செய்யப் பார்த்தோம்.

அடுத்தது, "பெண்கள் எத்தனை பேர்?" என்று மொத்தமாகக் கேட்டுவிட்டுத் திருப்தியடைவது. பாடவாரியாகக் கேளுங்கள். நாடு முழுவதும் ஏ லெவலில், அதாவது இந்த இரண்டு வருடப் படிப்பில், இயற்பியல் எடுப்பவர்களில் பெண்கள் கால்வாசி அளவுதான். ஆண்கள் பள்ளியில் அது இன்னும் குறையலாம். பெற்றோரும் பிள்ளைகளும் பள்ளியைப் பார்வையிட அழைக்கும் ஒரு மாலையில் எங்களைச் சுற்றிக்காட்டிய மாணவியிடம், இயற்பியல் வகுப்பில் எத்தனை பெண்கள் என்று கேட்டேன். "நான் மட்டும்தான் ஆன்ட்டி" என்று சிரித்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. என் மகள் காரில் ஏறும்வரை ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் எந்த மதிப்பெண் பட்டியலைவிடவும் எனக்கு அதிகம் சொன்னது.

கழிப்பறை எங்கே, மதிய இடைவேளையில் பெண்கள் எங்கே உட்காருகிறார்கள், விளையாட்டில் அவர்களுக்கென்று அணி உண்டா என்பதெல்லாம் சில்லறைக் கேள்விகள் போலத் தோன்றும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

பாலியல் சீண்டல் பற்றிக் கேட்கத்தான் நம்மவர்கள் மிகவும் தயங்குகிறோம். 2021இல் பள்ளிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் நடத்திய ஆய்வில், பெண்களை இழிவாக அழைப்பது அடிக்கடியோ அவ்வப்போதோ நடக்கிறது என்று 10 மாணவிகளில் 9 பேர் சொன்னார்கள். புகார் வராவிட்டாலும் நடப்பதாகவே எண்ணிச் செயல்படுங்கள் என்று பள்ளிகளுக்குச் சொன்னதும் அதே ஆய்வுதான். எனவே "இங்கே அப்படி எதுவும் இல்லை" என்ற பதில் என்னைச் சமாதானப்படுத்தாது. யாரிடம் புகார் சொல்வது, அதன்பின் என்ன நடக்கும் என்று விளக்குகிற ஆசிரியரை நம்பலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: "பையன்கள் இருக்கிற இடமா, வேண்டாம்" என்று பேச்சையே முடித்துவிடுவது. இரண்டு வருடத்தில் பல்கலைக்கழகம் போகப்போகிறவள் அவள்.

தனியார் பள்ளி என்றால், 2025 ஜனவரியிலிருந்து கட்டணத்தோடு 20 சதவீத வாட் வரியையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள். அரசுப் பள்ளி என்றால் நேர்காணலுக்கு மகளைத் தயார்படுத்தி வதைக்க வேண்டாம். அவர்கள் நடத்தும் சந்திப்பு பாடத்தேர்வைப் பேசத்தான். அதை வைத்து இடம் கொடுப்பதையோ மறுப்பதையோ சேர்க்கை விதிகள் அனுமதிப்பதில்லை.

அப்புறம், மகள் இப்போது படிக்கும் பெண்கள் பள்ளியில் அவளுக்குள்ள இடத்தை வசந்த காலத்திலேயே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். புதிய பள்ளி தருவது 11ஆம் வகுப்பு முடிவில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வின் மதிப்பெண்ணைப் பொறுத்த இடம்தான். ஆகஸ்ட்டில் முடிவு வரும் காலைவரை இரண்டும் கையில் இருக்கட்டும்.