கூண்டு ஏறும் முன்னே கட்டிவைக்க வேண்டிய சோற்றுப் பொட்டலம்

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்ற சேதி வந்த பிறகு அரிசியைக் காயப்போட முடியாது. வெயில் மறைந்திருக்கும், காற்றைத் தொட்டாலே பிசுபிசுக்கும். ஆகவே புயல் நாளுக்கு உலர்ந்த உணவுப் பொட்டலம் கட்டிவைக்கும் இந்த வேலைக்கு ஆவணியும் புரட்டாசியும்தான் காலம். ஐப்பசி பிறந்துவிட்டால் ராமநாதபுரம் கரையில் வெயிலை நம்பி எதையும் முற்றத்தில் பரப்பக் கூடாது.

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறோம். காற்றை உறிஞ்சி ஒட்டும் மெஷின் இப்போது ஆன்லைனில் கிடைக்கிறது. அதை வாங்கி பிரியாணியையும் மீன் குழம்பையும் கவரில் அடைத்து, அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஈரமும் இருந்து, புளிப்பும் குறைந்து, காற்றும் இல்லாத இடத்தில்தான் பொட்டுலினம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். வாடை மாறாது, நிறம் மாறாது, கவர் உப்பாமலும் இருக்கலாம். கம்பெனிக்காரர்கள் பொட்டலத்தை அடைத்த பிறகு, அழுத்தத்தில் 121 டிகிரி வரை கணக்குப் பார்த்துச் சூடேற்றுகிறார்கள். வீட்டுக் குக்கரில் கவரைப் போட்டு எடுப்பது அதற்கு ஈடாகாது. வீட்டில் செய்து நாள்பட வைக்கக்கூடியது உலர்ந்த பொட்டலம் மட்டுமே. தண்ணீரை உண்ணும்போது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புளி அவல்: அடுப்பே வேண்டாம்

எல்லாவற்றிலும் இதைத்தான் முதலில் செய்து வைக்கச் சொல்வோம். 2024 நவம்பர் 20-ம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் தண்ணீர் அடுப்படிக்கே வந்துவிடும். சுடுதண்ணீர் கேட்கிற பொட்டலம் அன்றைக்கு உதவாது. அவல் பச்சைத் தண்ணீரிலேயே ஊறும்.

10 பொட்டலத்துக்குக் கெட்டி அவல் 800 கிராம். மெல்லிய அவல் ஊறியதும் கூழாகிவிடும், அது வேண்டாம். இரும்புச் சட்டியில் 200 கிராம் வீதம் போட்டு, சிறு தீயில் 5, 6 நிமிடம் நிறம் மாறாமல் வறுக்க வேண்டும். ஓர் அவலை எடுத்து ஒடித்தால் ‘படக்’கென்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் இன்னும் வறுக்க வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடுவில் ஈரம் நிற்கும். வண்டு முட்டை இருந்தாலும் இந்தச் சூட்டில் போய்விடும்.

பொடிக்கு: புளி 60 கிராம், கல் உப்பு 25 கிராம், குண்டு மிளகாய் 15 கிராம், கடலைப்பருப்பு 30 கிராம், உளுந்து 15 கிராம், மல்லி 10 கிராம், எள் 10 கிராம், வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு, நிழலில் காய்ந்த கறிவேப்பிலை இரண்டு கொத்து.

பருப்பு, மிளகாய் எல்லாவற்றையும் எண்ணெய் விடாமல் தனித்தனியாக வறுக்க வேண்டும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் குண்டு மிளகாய் தோல் தடித்தது. வெளியே காய்ந்த மாதிரி இருந்து உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். காதருகே வைத்துக் குலுக்கினால் விதை கலகலவென்று ஆட வேண்டும், அதுவரை வெயிலில் கிடக்கட்டும்.

கஷ்டம் புளியில்தான். கொட்டையும் நாரும் எடுத்து, சின்னச் சின்னதாகப் பிய்த்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகு கல் உப்போடு சேர்த்துச் சட்டியில் போடுங்கள். உப்பு சூட்டைப் பிடித்துக்கொண்டு புளியைக் கருகாமல் உலர்த்தும். சட்டியில் இருக்கும்போது புளி நெகிழ்ந்துதான் இருக்கும். அதைப் பார்த்து இன்னும் காயவில்லை என்று வறுத்துக்கொண்டே போனால் கசந்துவிடும். ஒரு துண்டை எடுத்துத் தட்டில் ஆறவிட்டு ஒடித்துப் பார்க்க வேண்டும். ஆறியபின் ஒடிந்தால் பதம். பழைய கருப்புப் புளியில் எவ்வளவு வறுத்தாலும் பிசுக்கு போகாது. அந்த வருசத்துப் புளியாகப் பாருங்கள்.

மிக்ஸியில் விட்டுவிட்டு அரைக்க வேண்டும். ஒரேயடியாக ஓட்டினால் பொடி சூடேறி மூடியில் வியர்க்கும். அரைத்ததைத் தட்டில் பரப்பி ஆறவைத்தால் ஏறக்குறைய 160 கிராம் தேறும். பொட்டலத்துக்கு 80 கிராம் அவல், தனிச் சின்னக் கவரில் 16 கிராம் பொடி, அதாவது குவியாமல் இரண்டு மேசைக்கரண்டி. பொடியை அவலோடு கலந்து வைத்தால் உப்பு ஈரத்தை இழுத்து அவலையும் நமுக்க வைக்கும்.

உண்ணும்போது 125 மில்லி தண்ணீர் தெளித்து 15 நிமிடம் மூடி வைத்து, பொடி தூவிக் கிளறினால் போதும். அரை டம்ளருக்கும் சற்றுக் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வறுத்த நிலக்கடலை 40 கிராம் தனிப் பொட்டலமாக இருக்கட்டும். தாளித்து எண்ணெயோடு சேர்த்து அடைக்கிற ஆசை எல்லோருக்கும் வரும், நன்றாகவும் இருக்கும், மூன்றாவது வாரம் சிக்கு வாடை அடிக்கும்.

காய்ந்த சோறு

இதற்குப் பச்சரிசிதான் தோது. புழுங்கலரிசி சோறு காய்ந்தால் சுடுதண்ணீரில் ஊறியும் நடுவில் கல் மாதிரி நிற்கும். 500 கிராம் அரிசியை முக்கால் பதத்துக்கு மேல், குழையாமல் வேகவைத்து வடித்து, காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். கஞ்சிப் பசை போனால்தான் பருக்கை பருக்கையாகக் காயும். காலை 9 மணிக்குள் வெள்ளை வேட்டியில் ஒரு பருக்கை கனத்துக்குப் பரப்பி, மேலே கொசுவலை போட்டு, மணிக்கொரு தரம் புரட்ட வேண்டும்.

சாயங்காலம் 4 மணிக்குப் பருக்கை நகத்தால் அழுத்தினால் பதியாமல் இருக்க வேண்டும். பதிந்தால் நாளைக்கும் காயட்டும் என்று வைக்காதீர்கள், ஆடு கோழிக்குப் போட்டுவிடுங்கள். வெந்த சோறு ஈரத்தோடு ராத்தங்கினால் அதில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. கெட்டியானதை மட்டும் மறுநாளும் வெயிலில் போட்டு எடுக்கலாம்.

பொட்டலத்துக்கு 90 கிராம். கொதிக்கிற தண்ணீர் 200 மில்லி ஊற்றி 20 நிமிடம் மூடி வைக்க வேண்டும். அடுப்பு இருந்தால் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் இன்னும் நல்லது. கூட வறுத்த துவரம்பருப்புப் பொடி 25 கிராமும், நிழலில் உலர்ந்த முருங்கைக்கீரைத் தூள் ஒரு தேக்கரண்டியும் வையுங்கள். நிவாரண முகாமில் கீரை கிடைக்கிறது அபூர்வம்.

கருவாட்டுப் பொடி

உப்புப் போடாத நெத்திலியாகப் பார்த்து 200 கிராம் வாங்குங்கள். மணலில் காயப்போட்டதா, வலையிலோ சிமெண்டுத் தளத்திலோ காய்ந்ததா என்று கேட்டே வாங்க வேண்டும். மணல் நெத்திலியை நாலு தண்ணீரில் அலசினாலும் பொடித்த பிறகு பல்லில் நறநறக்கும். தலையைக் கிள்ளி, குடலையும் எடுத்து, வெந்நீரில் இரண்டு முறை அலசி, ஒரு நாள் முழுக்க வெயிலில் உலர்த்தி, முறுகும்வரை சிறு தீயில் வறுங்கள். குண்டு மிளகாய் 10, பொட்டுக்கடலை 30 கிராம், சீரகம் ஒரு தேக்கரண்டி சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்கலாம். பூண்டு வேண்டாம், அதன் ஈரம் எளிதில் போகாது. உப்புத் தனியாகப் போடக் கூடாது. ஒரு வேளைக்கு 15 கிராம். இரண்டு கவர் போட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் டின் முழுக்கக் கருவாடு மணக்கும். குடிதண்ணீர் தட்டுப்பாடான நாளில் இதைக் கடைசியாகத்தான் பிரிக்க வேண்டும், தாகத்தைக் கிளப்பிவிடும்.

பொருவிளங்கா உருண்டை

சிவப்புப் புழுங்கலரிசி 200 கிராம் பொரியும்வரை வறுத்தது, பாசிப்பருப்பு 100 கிராம் சிவக்க வறுத்தது, பொட்டுக்கடலை 50 கிராம், சுக்கு ஒரு தேக்கரண்டி. எல்லாம் மாவாக அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி 250 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்ட வேண்டும், அடியில் மண் நிற்கும். பிறகு பாகு காய்ச்சலாம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டி, கிண்ணத்தில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்க வேண்டும். மெத்தென்று விழுந்தால் பாகு முற்றவில்லை. கருப்பட்டி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சாமான். இளம்பாகில் பிடித்த உருண்டை பத்து நாளில் இளகிப் பூசணம் பிடிக்கும்.

பாகை மாவில் ஊற்றி, கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு சூட்டோடு உருட்ட வேண்டும். ஆறிவிட்டால் பிடிபடாது, கொதிதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் சட்டியை வைத்துக்கொண்டால் கொஞ்சம் தாமதம் செய்யலாம். 30 கிராம் வீதம் 18 உருண்டை வரும். தேங்காய்ச் சில்லு சேர்க்கும் வழக்கம் உண்டு, உடனே தின்பதற்குச் சரி, இதற்கு வேண்டாம். பல் போன பெரியவர்களுக்கு அப்படியே கொடுத்துவிடாதீர்கள். உலக்கையால் தட்டித் தண்ணீரில் கரைத்தால் நல்ல கஞ்சி.

அடைப்பது

செய்கிறதில் பாதி வேலை இதுதான், பலர் கோட்டை விடுவதும் இங்கேதான். சூடாக அடைத்தால் கவருக்குள் வியர்க்கும். ஆறட்டும் என்று ராத்திரி முழுக்கத் திறந்து போட்டால் கடல்காற்று பட்டு வறுத்ததெல்லாம் வீண். மதியம் 12 முதல் 3 மணிக்குள், காற்று காய்ந்திருக்கும் நேரத்தில், அரைமணி நேரம் துணி மூடி ஆறவைத்து உடனே ஒட்டிவிடுங்கள்.

சாதாரண மளிகைக் கவர் போதாது, மெல்ல மெல்ல ஈரம் உள்ளே போகும். உட்புறம் வெள்ளித்தாள் ஒட்டிய கெட்டிக் கவர் பொட்டலப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஒட்டுவதற்குக் கையால் அழுத்தும் சீலர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் சாதாரணக் கெட்டிப் பிளாஸ்டிக் கவரை மெழுகுவர்த்தியிலேயே ஒட்டலாம்: கவரின் வாயை ஒரு ஆக்சா பிளேடில் மடித்து, அரை சென்டிமீட்டர் மட்டும் வெளியே நீட்டி, அந்த விளிம்பைத் தீயின் ஓரமாக ஒரே சீராக இழுக்க வேண்டும். நின்றால் ஓட்டை, வேகமாக இழுத்தால் ஒட்டாது. பத்துக் கவர் வீணானால் கை பழகிவிடும். ஒட்டியதை வாளித் தண்ணீரில் முக்கி அமுக்குங்கள், குமிழி வந்தால் பிரித்து வேறு கவர்.

எழுதிய தேதி வெளியே அழிந்துவிடும், சீட்டில் எழுதி உள்ளே வைத்து ஒட்டுவது மேல்; அவலுக்கும் சோற்றுக்கும் ஊற்ற வேண்டிய தண்ணீர் அளவையும் அதிலேயே எழுதிவிடுங்கள். எல்லாப் பொட்டலத்தையும் திருகுமூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, தரையில் வைக்காமல் பரணில் ஏற்ற வேண்டும். தங்கு கடலுக்கு, அதாவது கடலிலேயே சில நாள் தங்கி மீன்பிடிக்கப் போகிற படகுக்கும் இதே டிரம் ஆகும்.

ஓர் ஆளுக்கு ஒரு நாள்

புளி அவல் ஒன்று, கடலை ஒன்று, காய்ந்த சோறு இரண்டு, பருப்புப் பொடி ஒன்று, கருவாட்டுப் பொடி ஒன்று, உருண்டை மூன்று. ஏறக்குறைய 1,600 கலோரி வரும். முகாமில் உட்கார்ந்திருக்க இது போதும், மணல்மூட்டை தூக்குகிறவருக்குப் பற்றாது. அவருக்கு இன்னொரு அவல் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்குக் கட்டிவைப்பது நியாயமான கணக்கு. தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர், சமைக்கவும் சேர்த்து. ராமேஸ்வரம் தீவுப் பக்கம் மழைவெள்ளம் புகுந்த கிணற்றை நம்பக் கூடாது. கேன் தீர்ந்தால் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து டிரம்மில் கிடக்கட்டும். ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்குத் தாய்ப்பால் தவிர எந்தப் பொட்டலமும் இல்லை. சர்க்கரை நோய்க்காரருக்கு உருண்டைக்குப் பதில் கடலையைக் கூட்டுங்கள்.

அரிச்சல்முனைக்கும் ஏர்வாடிக்கும் போக

தனுஷ்கோடி முனையிலுள்ள அரிச்சல்முனைக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ ஒரு நாளில் போய்வர இவ்வளவு பாடு வேண்டாம், கட்டுச்சோறு போதும். சோற்றை அகலத் தாம்பாளத்தில் நல்லெண்ணெய் விட்டு உதிர்த்து முழுதாக ஆறவிட்டு, காய்ச்சிய புளியைக் கலந்து, வாட்டிய வாழையிலை விரித்த ஓலைக் கொட்டானில் கட்டினால் காற்றோட்டம் கிடைக்கும், வியர்க்காது. காலையில் கட்டிய புளிச்சோறு சாயங்காலம் வரை. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் அப்படியே. தயிர்ச்சோறு மதியத்துக்குள். பொரித்த மீனும் முட்டையும் நாலு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், வெயிலில் நிற்கும் காருக்குள் என்றால் அதுவும் அதிகம்.

எவ்வளவு நாள் இருக்கும்

ஒழுங்காக அடைத்த அவல் இரண்டு மாதம், காய்ந்த சோறு மூன்று மாதம், பொடி வகை ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம், உருண்டையும் கடலையும் மூன்று நாலு வாரம். ஆகவே புரட்டாசிக் கடைசியில் முதல் தொகுதி, கார்த்திகை பிறந்ததும் கடலை, உருண்டை, பொடி மட்டும் புதிது, மார்கழி பிறந்ததும் அவற்றோடு அவலும் புதிது. அதற்கு வெயில் அவ்வளவு வேண்டியதில்லை; மிளகாயையும் புளியையும் நெத்திலியையும் முன்னமே காயவைத்து டப்பாவில் மூடி வைத்திருந்தால், வறுத்து அரைப்பதோடு முடிந்தது. நமுத்த அவலை மறுபடி வறுத்துக்கொள்ளலாம். பூசணம் பிடித்த கடலையை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைத் தின்னாதீர்கள். அந்தப் பூசணத்தின் நஞ்சு ஈரலைப் பாதிக்கும், வறுத்தாலும் போகாது. பொட்டலத்தோடு எறியுங்கள்.

கார்த்திகை முடிந்து வானம் வெளுத்ததும் டிரம்மைக் காலி செய்கிறவர்கள் உண்டு. தனுஷ்கோடியை 1964-ல் கொண்டுபோன புயல் டிசம்பர் 22 இரவு, மார்கழியில் அடித்தது. தை பிறக்கிற வரை டிரம் பரணிலேயே இருக்கட்டும். அப்புறம் மிஞ்சிய சோற்றைக் கஞ்சியில் போட்டு, அவலுக்கு அன்றைக்குத்தான் எண்ணெயில் கடுகு தாளித்து முடித்துவிட்டு, டிரம்மைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.