டர்ட் பைக் ஸ்டீயரிங் பேரிங்கைச் சீக்கிரம் கெடுக்கும் தவறுகள்

வீல் பேரிங் முழுச் சுற்றாகச் சுழல்வதால் கிரீஸ் தானாகவே எல்லா இடமும் பரவும். ஹேண்டில் திரும்ப உதவும் ஸ்டீயரிங் பேரிங்குக்கு அந்த வசதி இல்லை. ஹேண்டில் பார் பெரும்பாலும் நேராகவே இருப்பதால், ரோலர்கள் ரேஸின் (அவை உருளும் இரும்பு வளையம்) அதே இடங்களில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு குதிப்பின் அடியையும் வாங்குகின்றன. அங்கே கிரீஸ் பிதுங்கி வெளியேறி, இரும்போடு இரும்பு உரசிப் பள்ளம் விழும். பள்ளம் விழுந்த பிறகு எவ்வளவு கிரீஸ் போட்டாலும் பயனில்லை; பேரிங்கை மாற்றத்தான் வேண்டும்.

பலர் செய்யும் முதல் தவறு, புது பைக்கின் பேரிங்கை அப்படியே நம்புவது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் கிரீஸ் மெல்லிய பூச்சாகத்தான் இருக்கும். வாங்கியதும் கழற்றி, தண்ணீர் தாங்கும் என்எல்ஜிஐ 2 தர (நடுத்தரக் கெட்டித்தன்மை) கிரீஸை நிரப்பிவிடுங்கள். மேலாகத் தடவினால் போதாது. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, குறுகிய பக்கம் வழியாக வெளியே வரும்வரை ஏற்ற வேண்டும். பழைய கிரீஸை முழுவதும் கழுவித் துடைத்த பிறகே புதியது. ஒத்துப்போகாத வகை கிரீஸ்கள் கலந்தால் இளகி வழிந்துவிடக்கூடும்.

பிரஷர் வாஷரை ஹெட் டியூப் (ஸ்டீயரிங் பேரிங்குகள் மேலும் கீழும் உட்காரும் ஃபிரேமின் முன்குழாய்) பக்கம் நேராகக் காட்டாதீர்கள். பேரிங்கை மூடும் ரப்பர் டஸ்ட் சீல் தூசியையும் தெறிக்கும் நீரையும்தான் தடுக்கும், பீய்ச்சும் நீரை அல்ல. முதலில் துருப்பிடிப்பது பெரும்பாலும் கீழ் பேரிங்தான். சேறும் அடியும் அதற்கே அதிகம். மேல் பேரிங் பளிச்சென்று இருப்பதைப் பார்த்துவிட்டு மூடிவிடுவது பெரிய ஏமாற்றம்.

தவறான இறுக்கமும் பேரிங்குகளைக் கொல்லும். தளர்வாக இருந்தால் ஒவ்வொரு இறக்கத்திலும் ரோலர் சுத்தியல்போல ரேஸை அடிக்கும். அதிகம் இறுக்கினால் ரேஸ் நசுங்கும், ஹேண்டிலும் கனக்கும். சரியான முறை: மேனுவல் சொல்லும் முதல் டார்க்கில் (இறுக்கும் விசையின் அளவு) பேரிங்கின் இறுக்கத்தை அமைக்கும் அட்ஜஸ்டர் நட்டை இறுக்கி, ஹேண்டிலை இரு கோடிக்கும் பல முறை திருப்பி ரோலர்களை உட்கார வையுங்கள். பிறகு தளர்த்தி, இறுதி டார்க்கில் இறுக்குங்கள். பல மோட்டோகிராஸ் மாடல்களில் இது 10 நியூட்டன் மீட்டருக்கும் குறைவு. ஃபோர்க்கைப் பிடிக்கும் மேல் கிளாம்ப்பை மாட்டி, ஸ்டெம் (ஹெட் டியூபுக்குள் செல்லும் தண்டு) நட்டை இறுக்கியதும் பேரிங் இன்னும் கொஞ்சம் இறுகும். அதனால் எல்லாம் மாட்டிய பிறகு மறுபடி சோதிப்பது கட்டாயம். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஒருவர் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கட்டும். ஹெட் டியூபும் கிளாம்ப்பும் சேரும் இடத்தில் விரலை வைத்தால் சின்ன ஆட்டமும் தெரியும். அங்கே ஆட்டமில்லாமல் கீழே மட்டும் ஆடினால் ஃபோர்க் புஷ்ஷைப் (ஃபோர்க் குழாய்கள் வழுக்கும் உள் வளையம்) பாருங்கள். அடுத்து ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். லேசாகத் தட்டினால் தானாகப் பக்கவாட்டில் விழ வேண்டும். நடுவில் ‘டக்’கென்று நின்றால் பள்ளம் விழுந்துவிட்டது.

மாற்றும்போது பேரிங்கை மட்டும் மாற்றிப் பழைய ரேஸை விட்டுவைக்காதீர்கள். பள்ளம் விழுந்த ரேஸ் புது ரோலரையும் கெடுத்துவிடும். புது ரேஸைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, கோணாமல் கடைசிவரை இறக்குங்கள். ஸ்டெம்மில் கீழ் பேரிங்கை ஏற்றும் முன் டஸ்ட் சீலை மாட்ட மறக்கக் கூடாது. உள் வளையத்தில் மட்டும் அழுத்தம் விழும்படி குழாய் வைத்து இறக்குங்கள். ரோலர்களைப் பிடித்திருக்கும் கூண்டில் அடி பட்டால் அந்தப் பேரிங் மாட்டும்போதே வீண்.