நேர் மாறலா? ஸ்கேலை வைத்துப் பாருங்கள்

ஓர் அளவு இரட்டித்தால் மற்றதும் இரட்டிக்கும்படி, இரண்டும் ஒரே விகிதத்தில் மாறுவதுதான் நேர் மாறல். அதைக் கண்டுபிடிக்க, வரைபடத்தாளில் குறித்த புள்ளிகளின் மேல் ஸ்கேலை ஒட்டி வையுங்கள். எல்லாப் புள்ளிகளையும் தொட்டு, ஆதிப்புள்ளி (0, 0) வழியாகவும் போனால் அது நேர் மாறல். மல்லிகை முழம் 30 ரூபாய் என்றால் 2 முழம் 60, 5 முழம் 150. பூ வாங்காவிட்டால் காசும் இல்லை, அதனால் கோடு 0-இல் தொடங்கியே ஆக வேண்டும். மாட்டுத்தாவணியில் ஆட்டோ ஏறியதும் 30 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 15 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 2 கிலோமீட்டருக்கு 60, 4-க்கு 90. தூரம் இரட்டித்தும் கட்டணம் இரட்டிக்கவில்லை. கோடு நேராகத்தான் இருக்கும், ஆனால் ஒய் அச்சை 30-இல் வெட்டும். பிள்ளைகள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அச்சு 0-இல் தொடங்காமல் 20-இல் தொடங்கினால் அச்சுகள் சேரும் மூலையை ஆதிப்புள்ளி என்று நம்பக் கூடாது. அப்போது இரண்டு மூன்று புள்ளிகளில் ஒய் மதிப்பை எக்ஸ் மதிப்பால் வகுத்துப் பாருங்கள். ஈவு மாறாமல் வந்தால் நேர் மாறல்தான்.