பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை நேராக பிளக்கில் செருகாதீர்கள்

பல ஆண்டுகள் பரணில் கிடந்த 1970களின் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை, ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு பொருத்திய சீரிஸ் போர்டின் (பல்பின் வழியாகவே கருவிக்கு மின்சாரம் செல்லும்படி இணைத்த பலகை) வழியாகவே முதலில் இயக்க வேண்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் சார்ஜ் ஆகும் ஒரு கணம் பல்பு பளிச்சென எரிந்து பிறகு மங்கினால், பெரிய ஷார்ட் எதுவும் இல்லை என்று கொள்ளலாம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்து, கெபாசிட்டர்களில் தேங்கிய சார்ஜை ஒரு ரெசிஸ்டர் மூலம் வடியவிட்ட பின் (ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்கத் தொட்டுவிடும் வழக்கத்தை நான் ஒப்புவதில்லை), ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களை மல்டிமீட்டரால் சோதியுங்கள். 2என்3055 போன்றவற்றில் உலோக உறையே கலெக்டர் (டிரான்சிஸ்டரின் மூன்று முனைகளில் ஒன்று) என்பதால், அதன் அடியிலுள்ள, மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு கிழிந்திருந்தாலும் ஹீட் சிங்க்குடன் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) ஷார்ட் ஏற்படும். ஆகவே டிரான்சிஸ்டரை மாற்றும்போது தகட்டையும் மாற்றி, அதன் இருபுறமும் ஹீட் சிங்க் பேஸ்ட்டை மெல்லியதாகப் பூசுங்கள். பழுது நீங்கிய பின் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் டிசி மின்னழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் போதும், வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் கருகிவிடக்கூடும்.