மரியானோ ரிவேராவை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக 1995 முதல் 2013 வரை பந்துவீசி ஓய்வுபெற்ற பனாமா நாட்டு பேஸ்பால் வீரர் மரியானோ ரிவேராவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 652 'சேவ்' (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்ததற்கான கணக்கு) என்ற எண்ணோடு நின்றுவிடுகிறது. அது வட அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கின் சாதனைதான். ஆயினும் அந்த எண்ணை மட்டும் வைத்து அவரை அளப்பதே முதன்மையான தவறு.

தன் அணி மூன்று ஓட்டங்கள் முன்னிலையில் இருக்கும்போது இறங்கி, கடைசி இன்னிங்ஸை (ஆட்டத்தின் ஒன்பது சுற்றுகளில் இறுதியானதை) முன்னிலை பறிபோகாமல் வீசி முடித்தாலே, இடையில் மாற்றாக இறங்கும் பந்துவீச்சாளரான ரிலீஃப் பிட்சருக்குச் சேவ் கிடைத்துவிடும்; ஒரே ஓட்ட முன்னிலையை உயிரைக் கொடுத்துக் காத்தாலும் அதே ஒரு சேவ்தான். 1996இல் ரிவேராவுக்குக் கிடைத்தவை வெறும் 5. ஆனால் ஆட்டங்களை முடித்துவைக்கும் பொறுப்பிலிருந்த ஜான் வெட்டலாண்ட் இறங்குவதற்கு முந்தைய இன்னிங்ஸ்களைத் தாங்கிய அந்த ஆண்டில்தான் அவர் 107 இன்னிங்ஸ்களுக்கு மேல் வீசி, 130 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்து (மூன்று ஸ்ட்ரைக்குகளில் ஆட்டமிழக்கச் செய்து), சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் மூன்றாமிடம் பெற்றார். 2003 அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் இதைவிடத் தெளிவான சான்று. பாஸ்டனுடன் 5-5 எனச் சமநிலையில் இருந்தபோது இறங்கி, மூன்று இன்னிங்ஸ்களில் ஓர் ஓட்டமும் தராமல் காத்தார். யாங்கீஸ் வீரர் ஆரன் பூனின் ஹோம் ரன் (எல்லைக்கு வெளியே பறந்த அடி) ஆட்டத்தை முடித்ததும் சக வீரர்கள் பூனை நோக்கி ஓட, ரிவேரா பந்துவீச்சு மேட்டுக்கு ஓடிச் சென்று மண்டியிட்டு அழுதார். அவர் வாழ்வின் ஆகச் சிறந்த பந்துவீச்சு என்று நான் கருதும் இதற்குச் சேவ் கிடையாது.

82 வெற்றி, 60 தோல்வி என்ற கணக்கைத் தொடக்கப் பந்துவீச்சாளர்களின் கணக்கோடு ஒப்பிடுவது பொருளற்றது. ஈ.ஆர்.ஏ. சராசரியையும் (ஒன்பது இன்னிங்ஸ்களுக்குப் பந்துவீச்சாளர் தன் பொறுப்பில் தரும் ஓட்டங்கள்; குறைந்தால் நல்லது) எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்; முந்தைய பந்துவீச்சாளர் பேஸ்களில் (ஓட்டம் எடுக்கக் கடக்க வேண்டிய நிலைகளில்) விட்டுச்சென்ற எதிரணி வீரர்கள் ஓட்டம் எடுத்தால், அது அந்த முந்தையவர் கணக்கிலேயே சேரும் என்பதால், ரிலீஃப் பிட்சர் இக்கட்டைத் தீர்த்தாரா என்பதை அந்தச் சராசரி முழுமையாகச் சொல்லாது.

ஓர் இரவின் தோல்வியைக் கொண்டு தீர்ப்பெழுதுவதும் நியாயமன்று. மேஜர் லீக் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் 2001ஆம் ஆண்டுக் கடைசி ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில் மூவரை ஸ்ட்ரைக்அவுட் செய்தவர், ஒன்பதாவதில் அரிசோனாவிடம் முன்னிலையை இழந்தார். அதில் அவரே பேஸை நோக்கித் தவறாக எறிந்த பந்துக்கும் பங்குண்டு. ஆனால் லூயிஸ் கொன்சாலஸின் கடைசி அடியோ, மட்டை முறிந்து, முன்னேறி நின்ற தடுப்பாளர்களின் தலைக்குச் சற்றே மேலாகப் போய் விழுந்த வலுவற்ற அடி. பிளேஆஃப் ஆட்டங்களில் மொத்தம் 141 இன்னிங்ஸ்களில் 0.70 என்ற சராசரியையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த இரவைப் பேசக் கூடாது.