எக்ஸ்ரே படிக்க வரும் தங்கைகளுக்கு: 'அரசு அங்கீகாரம் உண்டா' என்று மட்டும் கேட்காதீர்கள்

கணவரின் வேலை விசாவைச் சார்ந்து மனைவிக்குத் தரும் எச்-4 விசாவில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள சான் ஓசே பக்கம் வந்து, இங்கே ரேடியோகிராஃபி படிக்கலாம் என்று நினைக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் கோயில் பிரசாத வரிசையில் பேச்சுக் கொடுத்த ஒரு தங்கை, நான் போய் விழுந்த அதே மாதிரிப் படிப்புக்கு முன்பணம் கட்டப்போவதாகச் சொன்னாள். வயிறு கலங்கிவிட்டது.

நான் சென்னையில் டி.ஆர்.டி.டி. என்ற எக்ஸ்ரே டிப்ளமோ முடித்தவள். 1934-லேயே பர்னார்டு கதிரியல் நிலையம் எழுந்த ஊர் அது. ஆறு ஆண்டு அரசு மருத்துவமனை வேலை. காலை ஏழரைக்கே வராந்தா நிரம்பிவிடும். பேரியம் குடிக்க வைத்து எடுக்கும் வயிற்றுப் படம், சிறுநீரகப் படம், விபத்து கேஸ் என்று எல்லாம் பார்த்த கை இது. ஆனால் அந்தச் சான்றிதழை மட்டும் காட்டி இங்கே ஏ.ஆர்.ஆர்.டி. தேர்வு எழுத முடியாது. எக்ஸ்ரே தொழில்நுட்பருக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் அமெரிக்க அமைப்பு அது. அவர்கள் ஏற்கும் அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடித்திருக்க வேண்டும். 2015 முதல் குறைந்தது அசோசியேட் பட்டமும் (இரண்டாண்டுக் கல்லூரிப் பட்டம்) வேண்டும். இதை ஏற்றுக்கொள்ளவே எனக்குப் பல மாதங்கள் ஆயின.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எச்-4-இல் படிக்கத் தடையில்லை. வேலைக்கு இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும், பெரும்பாலும் கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் நிறுவனம் போடும் மனு) ஒப்புதலான பிறகுதான் அது கிடைக்கும். ஊர் மதிப்பெண் பட்டியல்களை இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அனாடமி, ஃபிசியாலஜி, அல்ஜீப்ரா, ஆங்கிலம் ஆகியவற்றைப் பெரும்பாலான கல்லூரிகள் முன்கூட்டியே முடிக்கச் சொல்லும்.

இனி என் பணத்தைத் தின்ற விஷயம். நம் ஊரில் ஒரு படிப்பில் சேரும் முன் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: அரசு அங்கீகாரம் உண்டா? நானும் அதையே கேட்டேன். அந்தத் தனியார் பள்ளியில் இருந்த பெண், 'மாநில அரசு அங்கீகாரம் உண்டு, தேர்வை நடத்துவது ஏ.ஆர்.ஆர்.டி.' என்றார். இரண்டுமே உண்மை. அதனால்தான் ஏமாந்தேன்.

கலிபோர்னியாவில் எக்ஸ்ரே எடுக்க இரண்டு வகை அனுமதி உண்டு. ஒன்று சி.ஆர்.டி. என்ற முழுமையான சான்றிதழ்; நான் முதலில் சொன்ன ஏ.ஆர்.ஆர்.டி. தேர்வு இதற்குத்தான். மருத்துவமனை வேலைக்கு வேண்டியது அதுதான். மற்றொன்று லிமிடெட் பெர்மிட், அதாவது வரையறுக்கப்பட்ட அனுமதி. அதில் மார்பு, கை கால், முதுகெலும்பும் இடுப்பும், மண்டை என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி அனுமதி. ஓடும் எக்ஸ்ரே படமான ஃப்ளோரோஸ்கோபியைத் தொடக் கூடாது, சி.டி. கிடையாது. இரண்டு வகைப் பள்ளிகளுக்கும் மாநில சுகாதாரத் துறை அங்கீகாரம் தருகிறது. லிமிடெட் தேர்வையும் மாநிலத்துக்காக ஏ.ஆர்.ஆர்.டி.யே நடத்துகிறது, ஆனால் அதில் தேறினால் ஏ.ஆர்.ஆர்.டி. சான்றிதழ் வராது. 'லிமிடெட்' என்ற சொல் அந்தப் பள்ளி தந்த கையேட்டின் நான்காம் பக்கத்தில், கட்டண அட்டவணைக்குக் கீழே இருந்தது. அம்மா போட்ட நகையை அடகு வைத்து ஒன்பதாயிரம் டாலர் கட்டிய பிறகுதான் அதைப் படித்தேன்.

எனக்குக் கிடைத்தது மார்பும் கை காலும் மட்டும். ஓர் எலும்பு மருத்துவரின் கிளினிக்கில் சேர்ந்தேன். ஒருநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு முதியவர் வந்தார். மேசையில் படுக்க வைத்து முழங்காலை மடக்கினால் இடுப்பு வளைவு மேசையோடு படியும்; இடுப்பெலும்பின் முகட்டில் ஒளியை நிறுத்தினால் படம் கச்சிதமாக விழும். தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் செய்வேன். ஆனால் எனக்கு அதற்கு அனுமதியில்லை. அனுமதி உள்ளவர் சாப்பிட்டு வரும்வரை அந்தப் பெரியவர் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். அன்று இரவு வீட்டில் யாரோடும் பேசவில்லை.

ஆகவே கல்லூரியில் இப்படிக் கேளுங்கள்: இதை முடித்தால் ரேடியோகிராஃபியில் ஏ.ஆர்.ஆர்.டி. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியுமா, அல்லது லிமிடெட் பெர்மிட் மட்டுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிறகு, ரேடியோகிராஃபி படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஜே.ஆர்.சி.இ.ஆர்.டி. அமைப்பின் இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் பெயரை நீங்களே தேடுங்கள். லிமிடெட் படிப்புகள் அந்தப் பட்டியலில் இருக்காது. அங்கே ஒவ்வொரு திட்டத்துக்கும் தேர்ச்சி விகிதம், வேலை கிடைத்தோர் விகிதம், படிப்பை முடித்தோர் விகிதம் இருக்கும். ஐந்தாண்டு சராசரித் தேர்ச்சி 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது அவர்கள் விதி. படிப்பை முடித்தோர் விகிதத்தையும் பாருங்கள். பாதிப் பேர் நடுவில் விட்டுப்போகும் இடமென்றால் காரணம் கேளுங்கள்.

பலருக்கும் தெரியாத இன்னொன்று: இந்தப் படிப்பைச் சமுதாயக் கல்லூரிகளிலேயே (கம்யூனிட்டி காலேஜ் என்ற அரசுக் கல்லூரிகள்) படிக்கலாம். லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் ஃபுட்ஹில், ரெட்வுட் சிட்டியில் கன்யாடா, சான் பிரான்சிஸ்கோவில் சிட்டி காலேஜ். மாநிலவாசிக்குக் கட்டணம் ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) 46 டாலர். ஓராண்டும் ஒரு நாளும் இங்கே வசித்ததற்கான சான்றுகளை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள்; வெளிமாநிலக் கட்டணம் பல மடங்கு அதிகம். இடம் கிடைப்பது கடினம், காத்திருக்க நேரிடும். அந்தப் பொறுமை இல்லாமல்தான் நான் குறுக்கு வழியில் போனேன். இரண்டாம் முறை சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து, எக்ஸ்ரே படத்தில் பக்கத்தைக் காட்ட வைக்கும், என் பெயரின் முதலெழுத்துகள் பதித்த வலது, இடது ஈயக் குறிகளைக் கையில் வாங்கிய நாளில்தான் மீண்டும் ரேடியோகிராஃபர் ஆனேன்.

மருத்துவமனைப் பயிற்சி விடியற்காலையிலேயே தொடங்கும், சம்பளம் கிடையாது. ஓட்டுநர் உரிமத்தை முதலில் எடுத்துவிடுங்கள். தடுப்பூசிச் சான்றுகளும் கேட்பார்கள். என் அம்மா ட்ரங்குப் பெட்டி முழுவதும் தேடி, மடிப்பில் கிழிந்த பழைய அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். தேதிகள் அழிந்திருந்ததால் அதை ஏற்கவில்லை. ரத்தப் பரிசோதனை செய்து காட்ட வேண்டியிருந்தது. அந்த அட்டையைப் போன முறை ஊருக்குப் போனபோது கொண்டுவந்துவிட்டேன். அதில் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது.