கையெழுத்து நாளுக்குப் பிறகு: கல்லூரி கால்பந்து அணியின் புதிய கிளாஸை நீங்களே எடைபோடுவது எப்படி

டிசம்பர் முதல் புதன்கிழமை காலையில் கையெழுத்துகள் வரத் தொடங்கியதும் அமெரிக்கக் கல்லூரி கால்பந்து (சாக்கர் அல்ல, ‘அமெரிக்கன் ஃபுட்பால்’) ரசிகர்கள் எல்லாரும் முதலில் தேடுவது ஒரே எண்ணைத்தான்: தேசியத் தரவரிசையில் நம் கிளாஸ், அதாவது இந்த ஆண்டு அணியில் சேரக் கையெழுத்திடும் பள்ளி வீரர்களின் கூட்டம், எத்தனையாவது? அந்த எண்ணால் பயன் உண்டு. ஆனால் அது எப்படிக் கணக்கிடப்படுகிறது, எதைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நான்காம் இடத்துக் கிளாஸைப் பார்த்து மயங்குவோம், இருபதாம் இடத்தைப் பார்த்துத் தேவையில்லாமல் சோர்ந்துபோவோம். ஒரு எக்செல் தாளும் நாலைந்து மாலைப்பொழுதுகளும் இருந்தால் இந்த வேலையை நாமே ஒழுங்காகச் செய்துவிடலாம்.

முதலில் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். வருகிறேன் என்று வாய்வார்த்தையாக ‘கமிட்’ சொன்னவரும் கையெழுத்துப் போட்டவரும் ஒன்றல்ல. உலகமே ஃப்ளோரிடா ஸ்டேட் போகிறார் என்று நினைத்திருந்த டிராவிஸ் ஹன்டர், 2021 டிசம்பர் கையெழுத்து நாளன்றுதான் ஜாக்சன் ஸ்டேட்டுக்கு மாறினார். டிசம்பரில் திறக்கும் வாய்ப்பு மூன்று நாள். அதில் கையெழுத்திடாதவர்களுக்குப் பிப்ரவரி முதல் புதன்கிழமையில் மறுபடி கதவு திறக்கும். பழைய ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ (இந்தக் கல்லூரியில்தான் சேர்வேன் என்ற உறுதிக் கடிதம்) முறை 2024 அக்டோபரில் ஒழிக்கப்பட்டுவிட்டது. இப்போது பிணைப்பது கல்வி உதவித்தொகை ஒப்பந்தம்தான். ஆகவே பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையே வெளியிடும் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தாளில் ஒவ்வொருவருக்கும் இந்தக் கட்டங்கள் இருக்கட்டும்: ஆடும் இடம், உயரம், எடை, கூட்டு மதிப்பெண், ஆஃபர் (உதவித்தொகையோடு சேர அழைப்பு) தந்த மற்ற பல்கலைக்கழகங்கள், ஜனவரியிலேயே சேர்கிறாரா, வேறு என்ன விளையாட்டு ஆடுகிறார், பள்ளி எந்த மாநிலத்தில் எந்தப் பிரிவில் ஆடியது. உயரத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். பள்ளிகள் கொடுக்கும் உயரம் ஓர் அங்குலமோ இரண்டோ கூடுதலாகவே இருக்கும். பயிற்சி முகாமில் அளந்த அளவு கிடைத்தால் அதை எழுதுங்கள். கிடைக்காவிட்டால் ஓர் அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள்.

இனி மதிப்பெண். வீரர்களை மதிப்பிடும் 247ஸ்போர்ட்ஸ் தளம் தரும் ‘காம்போசிட்’ எண் பல மதிப்பீட்டு நிறுவனங்களின் கருத்தை ஒன்றாகக் கலந்தது. அதனால் ஒரே நிறுவனம் வீரருக்குத் தரும் நட்சத்திர மதிப்பைவிட அது நம்பகமானது. ஐந்து நட்சத்திரம் நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் முப்பது பேருக்குத்தான் கிடைக்கும். தொழில்முறை லீக்கான என்எஃப்எல் கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வின் முதல் சுற்றில் 32 இடங்கள் இருப்பதை மனத்தில் வைத்துப் போடும் கணக்கு அது. நான்கு நட்சத்திரத்துக்கும் மூன்றுக்கும் நடுவே உள்ள கோடு ஏறக்குறைய 0.89. இந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே 0.8910 வாங்கியவருக்கும் கொஞ்சம் கீழே 0.8890 வாங்கியவருக்கும் ஆட்டத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. பக்கத்தில் வரையப்படும் நட்சத்திரத்தில்தான் வித்தியாசம். எனவே நட்சத்திரங்களை எண்ணாமல் தசம எண்ணையே தாளில் எழுதுங்கள்.

அணித் தரவரிசை ஒரு கூட்டுத்தொகை. அதிக மதிப்பெண் வாங்கியவர் முழுமையாகச் சேர்வார். பட்டியலில் கீழே போகப்போக ஒவ்வொருவரின் பங்கும் குறைந்துகொண்டே வரும், ஆனால் பூஜ்யமாகாது. அதனால் 28 பேரைச் சேர்த்த அணி, அதைவிடத் தரமான 18 பேரைச் சேர்த்த அணியை முந்திவிட முடியும். இதைச் சரிசெய்ய, தரவரிசைக்குப் பக்கத்தில் தலைக்கு எத்தனை மதிப்பெண் என்ற சராசரியையும் எழுதுங்கள். இரண்டும் ஒரே திசையைக் காட்டினால் கவலையில்லை. தரவரிசை உயர்ந்து சராசரி தாழ்ந்திருந்தால் ஆள் எண்ணிக்கைதான் தூக்கிவிட்டிருக்கிறது. சராசரி உயர்ந்து தரவரிசை தாழ்ந்திருந்தால், இடம் குறைவாக இருந்த ஆண்டு அது; பயப்பட வேண்டியதில்லை.

அடுத்து ஒரே ஆண்டோடு நிறுத்தாமல் நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். ஆள்சேர்ப்பு செய்தியாளர் பட் எலியட் உருவாக்கிய ‘ப்ளூ-சிப் விகிதம்’ இதற்கான கருவி. கடைசி நான்கு உயர்நிலைப் பள்ளிக் கிளாஸ்களில் கையெழுத்திட்டவர்களில் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்கள் எத்தனை சதவீதம் என்பதே அது. போர்ட்டல் (வேறு கல்லூரிக்கு இடம் மாற விரும்புவோர் பதிவாகும் பட்டியல்) வழியாக வந்தவர்கள் இதில் சேரமாட்டார்கள். 2011 முதல் 2024 பருவம் வரை தேசியப் பட்டம் வென்ற அணிகள் எல்லாமே 50 சதவீதத்தைத் தாண்டியவை. 2022 பருவத்தில் அந்தக் கோட்டுக்குக் கீழிருந்த டிசியு (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) இறுதிப் போட்டி வரை வந்து ஜார்ஜியாவிடம் 65-7 என்று தோற்றது. தாக்குப்பிடிக்க ஆள் இல்லாதபோது அந்த அளவுக்கு இடைவெளி விழுகிறது.

கணக்கு எளிது. நான்கு ஆண்டுகளில் 22, 24, 20, 25 பேர் என்றால் மொத்தம் 91. அவர்களில் 47 பேர் நான்கு நட்சத்திரமோ மேலோ என்றால் 51.6 சதவீதம். பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் இன்னொரு வரி போடுங்கள்: இவர்களில் இன்னும் அணியில் இருப்பவர்கள் எத்தனை பேர்? 17 பேர் போய்விட்டார்கள், அதில் 11 பேர் உயர்மதிப்பெண்காரர்கள் என்று வைத்துக்கொண்டால், மீதி 74 பேரில் 36, அதாவது 48.6 சதவீதம். கையெழுத்திட்டவர்களை வைத்துப் பார்த்தால் கோட்டுக்கு மேலே இருக்கும் அணி, ஜெர்சி போடுகிறவர்களை வைத்துப் பார்த்தால் கீழே வந்துவிடுகிறது. என் கணிப்பில் இந்த இரண்டாவது எண்ணே முக்கியமானது.

டெக்சஸ் ஏ&எம்மின் 2022 கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள். தரவரிசையில் முதலிடம், அதுவரை வந்த கிளாஸ்கள் எல்லாவற்றையும்விட அதிக மதிப்பெண், எட்டு ஐந்து நட்சத்திரக்காரர்கள். அந்த இலையுதிர்காலத்தில் அணி ஐந்து வெற்றி, ஏழு தோல்வி என்று முடித்தது. 2023 நவம்பரில் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷர் நீக்கப்பட்டார். மதிப்பீட்டாளர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்று சொல்வது சுலபம், ஆனால் அது சரியல்ல. அந்த கிளாஸின் வால்டர் நோலன் 2025 என்எஃப்எல் தேர்வில் 16ஆம் இடத்திலும், ஷெமார் ஸ்டுவர்ட் 17ஆம் இடத்திலும் அடுத்தடுத்து எடுக்கப்பட்டார்கள். திறமை உண்மையானதுதான். நோலன் அதற்குள் ஓல் மிஸ்ஸுக்குப் போய்விட்டார். ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) இவான் ஸ்டுவர்ட் ஒரெகானுக்கும், எல்.டி. ஓவர்டன் அலபாமாவுக்கும், குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) கானர் வெய்க்மன் ஹூஸ்டனுக்கும் போனார்கள். ஒரு கிளாஸ் சிதறினால் அதன் மதிப்பெண் வெறும் பழைய எண்ணாகிவிடும்.

ஜார்ஜியாவின் 2018 கிளாஸும் முதலிடம் பெற்றதே. அதன் பெரிய பெயரான குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் ஓராண்டிலேயே ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். ஆனாலும் தற்காப்பு வரிசையும் அதற்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களும் தங்கினார்கள். அவர்களில் ஜோர்டன் டேவிஸ் வெறும் மூன்று நட்சத்திரக்காரர். குவே வாக்கரும் அதே கிளாஸ். இவர்கள் தாங்கிய தற்காப்பு 2021 பருவத்தில் பட்டம் வென்றது. டேவிஸ் 2022 தேர்வில் 13ஆம் இடத்திலும் வாக்கர் 22ஆம் இடத்திலும் போனார்கள். அந்தப் பட்டத்தை வென்ற குவார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னட், ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணிக்குள் வந்தவர்.

இதிலிருந்து அடுத்த வேலைக்கு வருவோம்: எந்த இடத்துக்கு யாரை எடுத்தார்கள்? இதைத்தான் ரசிகர்கள் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள், உண்மையில் நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். பழைய 85 ஸ்காலர்ஷிப் வரம்பு போய், 2025 முதல் வீரர்களுக்குப் பணம் தருவது தொடர்பான ஹவுஸ் வழக்கின் தீர்வை ஏற்ற பல்கலைக்கழகங்களுக்கு மொத்த அணி 105 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. இடம் கூடியதுபோல் தோன்றினாலும், ஸ்காலர்ஷிப் இல்லாத வாக்-ஆன் வீரர்களும் இந்த 105க்குள் அடக்கம். ஆகவே வீணாகும் ஒவ்வோர் இடமும் வலிக்கும்.

24 பேர் கொண்ட கிளாஸுக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவு இது: குவார்ட்டர்பேக் ஒருவர், ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) ஒருவர், ரிசீவர் மூவர், டைட் எண்ட் (தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) ஒருவர், அஃபென்சிவ் லைன் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வரிசை) ஐவர், டிஃபென்சிவ் டாக்கிள் (தற்காப்பு வரிசையின் நடுவில் மோதுபவர்) மூவர், எட்ஜ் (ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவர்) இருவர், லைன்பேக்கர் மூவர், கார்னர் (ரிசீவரைத் தடுப்பவர்) மூவர், சேஃப்டி (கடைசி வரிசைக் காவலர்) இருவர். அஃபென்சிவ் லைனில் நான்குக்குக் கீழே போனால் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். காரணம் இதுதான். பதினெட்டு வயதுப் பையன் இருபத்திரண்டு வயது டிஃபென்சிவ் டாக்கிளைத் தடுத்து நிறுத்த உடம்பு தேறவே இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும். எடுத்தவர்களில் பாதிப் பேர் அதற்குள் காயத்தாலோ இடமாற்றத்தாலோ விழுந்துவிடுவார்கள். இந்த ஆண்டு இருவரை மட்டும் எடுத்தால் அந்தப் பள்ளம் இப்போது தெரியாது, மூன்றாம் ஆண்டில் குவார்ட்டர்பேக் தரையில் கிடக்கும்போதுதான் தெரியும். அப்போது போர்ட்டலில் தேடினால், நல்ல அஃபென்சிவ் லைன்மேனுக்குத்தான் சந்தையில் விலை அதிகம்.

மாறாக ரன்னிங் பேக், ரிசீவர், கார்னர் ஆகியோர் முதலாண்டிலேயே களமிறங்க முடியும். அந்த இடங்களில் ஐந்து நட்சத்திரக்காரர் வந்தால் செப்டம்பரில் பார்க்கலாம். குவார்ட்டர்பேக்குக்கு இரண்டாண்டு கொடுங்கள். ஜனவரியிலேயே சேர்ந்து வசந்தகாலத்தின் 15 பயிற்சிகளையும் முடித்தவர், கோடையில் வருபவரைவிட அரை ஆண்டு முன்னே இருப்பார். 2018 முதல், ஒருவர் நான்கு ஆட்டம் வரை ஆடியும் அந்த ஆண்டைத் தகுதிக் கணக்கில் இழக்காமல் ‘ரெட்ஷர்ட்’ ஆகலாம். புதியவர் நவம்பரில் திடீரென்று காணாமல் போனால் அணி அவரைக் கைவிட்டுவிட்டது என்று பொருளல்ல.

அடுத்து வீடியோ. ஹட்ல் என்ற வீடியோ தளத்தில் இருக்கும் சிறப்புக் காட்சிகள் அந்தப் பையனோ அவன் பயிற்சியாளரோ தேர்ந்தெடுத்தவை. முதல் ஐந்து காட்சிகள் எல்லாருக்கும் பிரமாதமாகவே இருக்கும். கடைசி மூன்றில் ஒரு பங்கைப் பாருங்கள். அங்கேயும் அதே வேகம், அதே பிடிவாதம் இருந்தால் ஆள் சரி. முடிந்தால் ஒரு முழு ஆட்டத்தையும் தேடிப் பாருங்கள். லைன்மேனிடம் எதிராளியைக் கீழே தள்ளுவதைவிட, முதல் இரண்டு காலடி எப்படி விழுகிறது, இடுப்பு தாழ்ந்திருக்கிறதா, கைகள் எதிராளியின் மார்புக்குள் போகின்றனவா என்பதைக் கவனியுங்கள். 150 கிலோவைத் தாங்கும் உடம்பைக் கல்லூரியில் கட்டிவிடலாம். கனத்த கால்களை இலகுவாக்குவது கடினம். குவார்ட்டர்பேக்கின் காட்சிகளில் பந்து போய்ச் சேர்ந்தவை மட்டுமே இருக்கும். ஆகவே மூன்றாவது டவுனில் (நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) நெருக்கடியில் என்ன செய்கிறார் என்பதை முழு ஆட்டத்தில்தான் பார்க்க முடியும். கார்னர் பின்னோக்கி ஓடி உடம்பைத் திருப்பும்போது ஒரு நொடி தயங்கினால், பெரிய கல்லூரியில் அந்த நொடியில் ரிசீவர் போய்விடுவார்.

வேறு விளையாட்டும் நிறையச் சொல்லும். லைன்மேன் மல்யுத்தமோ குண்டு எறிதலோ செய்தால் சமநிலையும் இடுப்பு வலுவும் இருக்கும். ரிசீவர், கார்னருக்குத் தடகளத்தில் பதிவான 100 மீட்டர் நேரத்தைப் பாருங்கள். முகாமில் கையால் அளந்த 40 யார்டு நேரத்தைவிட அது நம்பகமானது.

குறைந்த மதிப்பெண் கண்டால் ஆஃபர் பட்டியலைத் திறங்கள். 0.86 வாங்கியவருக்கு ஜார்ஜியா, ஒஹாயோ ஸ்டேட், அலபாமா ஆகியவை ஆஃபர் கொடுத்திருந்தால் அந்தப் பயிற்சியாளர்கள் மதிப்பீட்டாளர்கள் பார்க்காத ஏதோ ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எல்லா ஆஃபரும் நிஜமல்ல. கோடைமுகாமுக்கு வரச்சொல்லி விளம்பரமாகக் கொடுக்கப்படுபவை ஏராளம். அந்தப் பையன் அங்கே அதிகாரப்பூர்வமாக வருகை தந்தாரா என்பதே சோதனை. பெரிய கல்லூரிகளின் ஆஃபரே இல்லாத ஒருவர் மேலேறுவதும் நடக்கும்: குவார்ட்டர்பேக் கேம் வார்ட் உயர்நிலைப் பள்ளி முடிக்கையில் நட்சத்திரம் ஏதுமின்றி இன்கார்னேட் வேர்ட் என்ற சிறிய கல்லூரியில் சேர்ந்தார். பிறகு வாஷிங்டன் ஸ்டேட், மயாமி வழியாக 2025 தேர்வில் முதல் ஆளாகப் போனார். இப்படி நடப்பது அபூர்வம். அதை வைத்து உங்கள் அணியின் மூன்று நட்சத்திரக்காரர்கள் எல்லாரும் மேலேறுவார்கள் என்று கணக்குப் போடாதீர்கள்.

கடைசியாகப் போர்ட்டல். 2026 முதல் இடமாற்றத்துக்கான வாசல் ஆண்டுக்கு ஒன்றுதான், ஜனவரி 2 முதல் 16 வரை. ஆகவே டிசம்பரில் போட்ட தாள் ஜனவரி இறுதியில்தான் முழுமையாகும். உயர்நிலைப் பள்ளி கிளாஸுக்குக் கீழே தனி அட்டவணையாகப் போனவர், வந்தவர் இருவரையும் எழுதுங்கள். வந்தவருக்கு நட்சத்திரத்தைவிட, அவர் ஆடிய ஆட்டங்கள் எத்தனை, எந்தக் கான்ஃபரன்ஸில் (லீக் பிரிவில்), இன்னும் எத்தனை ஆண்டு தகுதி மிச்சம் என்பவை முக்கியம். பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி 2023 இறுதியில் ஜேம்ஸ் மேடிசனிலிருந்து தன் வீரர்கள் பலரோடு இண்டியானாவுக்கு வந்து, 2024 பருவத்திலேயே அணியைப் பட்டத்துக்கான ப்ளே-ஆஃப் வரை கொண்டுபோனார். ஏற்கெனவே கல்லூரிக் களத்தில் ஆடித் தேறியவர்களை, அவர்களை நன்கறிந்த பயிற்சியாளரே கூட்டிவந்தார் என்பதே அதன் பின்புலம். புதிதாக வந்த பயிற்சியாளர் பத்துக் கல்லூரிகளிலிருந்து இருபது பேரை அள்ளிக்கொண்டு வருவதை இதோடு ஒப்பிட வேண்டாம்.

தாளை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் அதே பெயர்களைத் திறந்து ‘இருக்கிறார்’, ‘போனார்’, ‘தொடக்க வரிசை’ என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மூன்றாவது இலையுதிர்காலம் முடிந்ததும், கையெழுத்திட்டவர்களில் பாதிப் பேராவது தங்கியிருந்து ஆறேழு பேர் தொடர்ந்து தொடக்க வரிசையில் ஆடினால் அது நல்ல கிளாஸ். அந்த ஆறேழு பேரில் இரண்டு லைன்மேனாவது இருக்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள்.